தரையைத் தாளாக்கும் விமானத்தைத் தாளில் செய்வது

காகிதத்தில் விமான மாதிரி செய்யத் தொடங்குபவர்களில் பலர் முதலில் எடுப்பது போர் விமானத்தை. வளைந்த மூக்கும் கொட்டகை போன்ற கண்ணாடிக் கூண்டும் சரிவாகக் குறுகும் உடலும் சேர்ந்து அவர்களை மூன்றாம் நாளே சோர்வடைய வைத்துவிடும். முதல் மாதிரிக்கு நான் பரிந்துரைப்பது வேறு வகை: நிலத்தை மேலிருந்து படமெடுத்து வரைபடம் ஆக்குவதற்கென்றே பிறந்த விமானங்கள். இவை மெதுவாக, நிதானமாகப் பறக்க வேண்டியவை. அதனால் இவ்வகைப் பழைய விமானங்களின் உடல் பெட்டி போலவும் இறக்கை நேர்ப்பலகை போலவும் இருக்கும். தாள் விரும்பும் வடிவங்கள் அவைதான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். அளவுவிகிதம் என்பதுதான் வரைபடக்காரரின் உயிர். காகித மாதிரி செய்பவரின் உயிரும் அதுவே. உலகத்தைச் சுருக்கித் தாளில் ஏற்றிய ஒரு விமானத்தை, அதே கணக்கால் சுருக்கி அதே தாளில் செய்கிறோம். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், எந்தப் பகுதியில் மெனக்கெட வேண்டும், எதை எளிமையாக விட்டுவிடலாம் என்பது தானாகவே விளங்கும்.

முதலில் விமானத்தின் கண்

கத்தியை எடுப்பதற்கு முன், இந்த விமானம் என்ன வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். நிலத்தை அளக்கும் கேமரா விமானத்தின் வயிற்றில், நேர்கீழே பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கும். நெடுங்காலம் வழக்கில் இருந்த கேமராவின் படம் 23 செ.மீ. சதுரம், லென்ஸின் குவிதூரம் (லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் இடையுள்ள தூரம்) பெரும்பாலும் 152 மி.மீ. தரையிலிருந்து 1520 மீட்டர் உயரத்தில் பறந்தால், உயரத்தைக் குவிதூரத்தால் வகுக்க வருவது பத்தாயிரம். அதாவது படத்தின் அளவுவிகிதம் 1:10,000. ஒரு படம் தரையில் 2.3 கிலோமீட்டர் சதுரத்தை அள்ளிக்கொள்ளும்.

அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 60 சதவீதம் படிந்திருக்க வேண்டும். ஒரே இடம் இரண்டு கோணங்களில் பதிந்தால்தான் மேடு பள்ளத்தை அளக்க முடியும். நம் இரு கண்களும் ஆழத்தை அறிவது போலத்தான் இதுவும். ஆகவே படத்துக்குப் படம் 920 மீட்டர்தான் நகரலாம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு அது சுமார் 18 வினாடி. வரிசைக்கு வரிசை 30 சதவீதம் படிய வேண்டும் என்பதால், உழவன் சால் போடுவது போல 1.6 கிலோமீட்டர் இடைவெளியில் போய்த் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். கேமரா செங்குத்திலிருந்து மூன்று பாகைக்கு மேல் சாயக் கூடாது.

விமானத்தின் வடிவம் முழுவதும் இந்தக் கட்டளைகளிலிருந்து வருகிறது. இறக்கை பார்வையை மறைக்கக் கூடாது என்பதால் பல விமானங்களில் அது உடலின் உச்சிக்குப் போய்விட்டது. எஞ்சினின் எண்ணெயும் புகையும் லென்ஸில் படியக் கூடாது. கீழே பார்த்து வழி சொல்பவருக்கு மூக்கிலோ பக்கத்திலோ கண்ணாடி வேண்டும். அசையாமல் பறக்க நீண்ட இறக்கை நல்லது. மாதிரி செய்யும்போது இந்த நான்கையும் சரியாகக் காட்டிவிட்டால், பார்ப்பவருக்கு அது படமெடுக்கும் விமானம் என்பது சொல்லாமலே தெரியும்.

எதைச் செய்வது

முதல் மாதிரிக்கு ஃபேர்சைல்டு எஃப்சி-2. இதைச் செய்த ஷெர்மன் ஃபேர்சைல்டு முதலில் கேமராக்காரர். அவருடைய நிறுவனம் 1921-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை வானிலிருந்து படமெடுத்து, படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கியது. அக்காலத்தில் கிடைத்த திறந்தவெளி விமானங்களில் குளிர்காற்றில் உட்கார்ந்து கேமராவை இயக்குவது பெரும்பாடு. தன் கேமராவுக்கு ஏற்ற விமானம் எங்கும் இல்லை என்று கண்டு, மூடிய, வெப்பமூட்டிய அறையும் மேல் இறக்கையும் கொண்ட எஃப்சி-1 என்ற விமானத்தை அவரே 1926-இல் உருவாக்கினார். அதிலிருந்து வந்ததுதான் எஃப்சி-2. கனடாவின் விமானப்படை பரந்த வடநிலங்களைப் படமெடுக்க இதைப் பயன்படுத்தியது. பெட்டி உடல், நேரான இறக்கை, அதைத் தாங்கும் சாய்வுக் கம்பிகள், மூக்கில் ஒன்பது சிலிண்டர் எஞ்சின். தாளுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியாது.

இரண்டாவதாக, ஏப்ரம்ஸ் எக்ஸ்ப்ளோரர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டால்பர்ட் ஏப்ரம்ஸ் என்பவர் 1937-இல் பறக்கவிட்டது; ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுவதால் முன்பக்கம் முழுவதும் கண்ணுக்கே சொந்தம். வாலை இரண்டு நீண்ட கைகள் தாங்குகின்றன. அழகான விமானம். ஆனால் இரண்டு கைகளையும் இணையாக நிறுத்துவதற்குக் கை கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

பிரான்ஸின் தேசிய நிலவரைபட நிறுவனத்துக்காக எட்டு மட்டும் செய்யப்பட்ட யூரெல்-துபுவா எச்டி.34-இன் இறக்கை 45 மீட்டருக்கும் மேல் நீண்டது. அகலமோ மிகக் குறைவு. தாளில் அந்த இறக்கை தொய்யாமல் நிற்பது பெரும் சவால். சோவியத் நாட்டின் அந்தோனவ் ஆன்-30 முதலில் பறந்தது 1967-இல். பயணிகள் விமானமான ஆன்-24-இன் மூக்கை வெட்டிக் கண்ணாடி மூக்கு வைத்து, விமானி அறையை மேலே உயர்த்தி, வயிற்றில் கேமராச் சாளரங்களைத் திறந்து செய்தது. உருண்ட உடலும் இரட்டை எஞ்சினும் கண்ணாடி மூக்கும் சேர்ந்திருப்பதால் இதை நான்காவது, ஐந்தாவது மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதெல்லாம் எஃப்சி-2-ஐ வைத்துத்தான்.

அளவு

எஃப்சி-2-இன் இறக்கை நீளம் 13.41 மீட்டர். காகித மாதிரிகளில் பெருவழக்காக உள்ள 1:33 அளவில் செய்தால் 40.6 செ.மீ. வரும். வேலைக்கு வசதியான அளவுதான். ஆனால் இறக்கை ஏ4 தாளில் அடங்காது, நடுவில் ஒட்டு விழும். 1:50 என்றால் 26.8 செ.மீ. ஏ4 தாளின் நீளம் 29.7. இறக்கை முழுவதும் ஒரே துண்டாக வரும். புதியவருக்கு இது பெரிய வரம். 1:50-ஐயே எடுத்துக்கொள்வோம்.

பக்கத்தோற்றம், மேல்தோற்றம், முன்தோற்றம் மூன்றும் உள்ள கோட்டுப்படம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் இறக்கை 15 செ.மீ. இருந்தால் 26.8-ஐ 15-ஆல் வகுக்க 1.79, அதாவது 179 சதவீதத்துக்குப் பெரிதாக்க வேண்டும். மூன்று தோற்றங்களையும் ஒரே சதவீதத்தில் பெரிதாக்குங்கள். பிறகு பக்கத்தோற்றத்தின் உடல் நீளமும் மேல்தோற்றத்தின் உடல் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். பழைய கோட்டுப்படங்களில் அவை ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. அப்போது பக்கத்தோற்றத்தை நம்பி மற்றதைத் திருத்திக்கொள்வது என் வழக்கம்.

அச்சிடும்போது பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் அதை எடுத்துவிட்டு, நூறு சதவீதத்தில் அச்சிடுங்கள். என் தொடக்கக் காலத்தில் உடல் பகுதிகளை ஒரு நாளும் இறக்கையை மறுநாளும் அச்சிட்டேன். இரண்டாம் நாள் அந்தத் தேர்வு இயங்கியிருந்தது. இறக்கை சில மில்லிமீட்டர் சிறிதாகி, உடலில் விட்ட பள்ளத்தில் ஆடியது. ஒரு வாரத்து வேலை வீண். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவைக்கிறேன். அச்சானதும் முதலில் அந்தக் கோட்டை அளப்பேன். வரைபடத்தின் ஓரத்தில் அளவுகோல் வரைந்திருப்பதும் இதற்காகத்தான்: தாள் சுருங்கினாலும் விரிந்தாலும் அந்தக் கோடு உண்மையைச் சொல்லிவிடும்.

தாளும் கருவியும்

தோலுக்கு, அதாவது வெளிப்போர்வைக்கு, 160 ஜி.எஸ்.எம். தாள் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம்.). நுண்ணிய உருளைகளுக்குச் சாதாரண 80 ஜி.எஸ்.எம். உள்ளே நிற்கும் சட்டங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அட்டை. நல்ல கூர்மையான கத்தி, இரும்பு ஸ்கேல், அடியில் போட ரப்பர் விரிப்பு, வெள்ளைப் பசை, பல்குத்தி, மை தீர்ந்த பந்துமுனைப் பேனா. இவை போதும். இன்க்ஜெட்டில் அச்சிட்டால் ஈரம் பட்டதும் மை கலங்கும். வெட்டுவதற்கு முன் நிறமற்ற வார்னிஷை மெல்லிய படலமாகத் தெளித்து உலரவிடுங்கள். லேசர் அச்சு கலங்காது, ஆனால் மடிப்பில் உதிரும்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் எளிதாகச் சுருளும், மற்றதில் முரண்டு பிடிக்கும். எளிதாகச் சுருளும்போது கிடைக்கும் குழலின் நீளவாக்குதான் இழை ஓடும் வாக்கு. குழாய் செய்யும்போது குழாயின் நீளம் இழையோடு ஒத்துப்போக வேண்டும். இறக்கைக்கும் அப்படியே: இழை ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஓடினால் முன்விளிம்பு வழவழவென்று வளையும், இறக்கையும் எளிதில் தொய்யாது. எதிர்வாக்கில் வெட்டினால் எவ்வளவு பொறுமையாகச் சுருட்டினாலும் விளிம்பில் முறிவுக் கோடுகள் தெரியும்.

உடல்

எஃப்சி-2-இன் உடலை இரண்டு பக்கப் பலகை, ஒரு கூரை, ஒரு தரை என்று நான்கு துண்டாக வரையலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மேல்தோற்றத்தில் தெரியும் கூரையின் நீளம் அதன் உண்மை நீளம் அன்று. கூரை வாலை நோக்கிச் சரிகிறது. மேலிருந்து பார்க்கும்போது சரிவு சுருங்கித் தெரியும். உண்மை நீளம் வேண்டுமானால் பக்கத்தோற்றத்தில் கூரையின் கோட்டை ஒட்டியே அளக்க வேண்டும். பக்கப் பலகைக்கும் இதே விதி, தலைகீழாக: பக்கத்தோற்றத்தில் 100 மி.மீ. நீளமுள்ள வால்பகுதி, மேல்தோற்றத்தில் 12 மி.மீ. உள்நோக்கிக் குறுகினால், உண்மை நீளம் 100.7 மி.மீ. இந்த 0.7 மி.மீ. அற்பமாகத் தோன்றும். ஒட்டும்போது வால் முனையில் வெள்ளைக் கீற்றாக நின்று காட்டிக்கொடுக்கும்.

கொடுக்கவேண்டிய கவனம் உள்சட்டத்துக்கு. குறைந்தது நான்கு இடங்களில் குறுக்குச் சட்டம் வையுங்கள்: எஞ்சினுக்குப் பின், இறக்கையின் முன்விளிம்பில், பின்விளிம்பில், வாலுக்குச் சற்று முன். ஒவ்வொன்றையும் தோலின் கனத்தைக் கழித்துச் சிறிதாக வெட்ட வேண்டும். 160 ஜி.எஸ்.எம். தாள் ஏறத்தாழ 0.2 மி.மீ. கனம், இருபக்கமும் சேர்த்து 0.4 கழியுங்கள். சட்டம் சற்றுச் சிறிதானால் பசை ஈடுகட்டிவிடும். பெரிதானால் தோல் புடைத்து, விமானம் பட்டினி கிடந்த மாட்டின் விலா போலத் தெரியும்.

மடிக்க வேண்டிய கோடுகளை, வெட்டுவதற்கு முன்பே, மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுங்கள். முழுத் தாளாக இருக்கும்போது கோடு நேராக விழும். வெட்டிய பின் சிறு துண்டு வழுக்கும். சாளரங்களையும் துளைகளையும் முதலில் வெட்டி, வெளிவிளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள்.

வெட்டிய எல்லா விளிம்பிலும் தாளின் வெள்ளை தெரியும். ஒட்டுவதற்கு முன் அதே நிறத்தில் வண்ணப் பென்சிலையோ நீர்வண்ணம் தொட்ட தூரிகையையோ விளிம்பில் ஓட்டுங்கள். மாதிரியின் தரத்தை ஒரே அடியில் உயர்த்தும் வேலை இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு வேறெதில் உழைத்தாலும் பயன் பாதிதான்.

வயிற்றுத் துளை

உடலை மூடுவதற்கு முன் கேமராவின் இடத்தை முடித்துவிட வேண்டும். பிறகு கை போகாது.

நிலத்தை அளக்கும் விமானங்களின் தரையில் இருக்கும் துளை சுமார் அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 1:50 அளவில் அது ஒரு செ.மீ. தரைத் துண்டில் அதை வெட்டி, அறையின் உட்புறம் முழுவதையும் கருஞ்சாம்பல் நிறமாக்குங்கள். வெள்ளையாக விட்டால் சாளரம் வழியே ஒளி பட்டு உடல் வெறும் காகிதக் கூடு என்று தெரிந்துவிடும். கேமரா மூன்றே துண்டு: மேலே படச்சுருள் வைக்கும் சிறு பெட்டி, அதன்கீழ் ஒரு சட்டம், அதிலிருந்து துளைக்குள் இறங்கும் லென்ஸ் குழாய். 6 மி.மீ. விட்டமுள்ள குழாய் வேண்டுமானால் 6-இலிருந்து தாளின் கனம் 0.2-ஐக் கழித்து, 3.14-ஆல் பெருக்குங்கள், 18.2 மி.மீ. அகலத் தாள் வேண்டும். முனையில் நிறமற்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய வட்டம் ஒன்றை ஒட்டினால் அதுவே லென்ஸ். கேமராவின் பக்கத்தில், அதை இயக்குபவர் குனிந்து நிற்க இடம் விடுங்கள். அந்த அறையில் விமானிக்கு அடுத்தபடி முக்கியமானவர் அவர்தான்.

சாளரங்களுக்கு அதே பிளாஸ்டிக் தாளை உட்புறமாக ஒட்டலாம். பசையைச் சாளரத்தின் ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, பல்குத்தி நுனியால் வையுங்கள். உள்ளறை செய்ய மனமில்லை என்றால் சாளரத்தை வெட்டாமல் கருநீலமாக வண்ணமிட்டுவிடுங்கள். தொலைவிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வயிற்றுத் துளையை மட்டும் வண்ணத்தால் ஏமாற்றாதீர்கள். இந்த விமானம் இருப்பதே அதற்காக.

இறக்கை

மேல்தோலும் கீழ்த்தோலும் ஒரே தாளாக, முன்விளிம்பில் மடியுமாறு வரையுங்கள். அங்கே பேனாவால் அழுத்தக் கூடாது, முறிவு தெரியும். ஒரு மெல்லிய கோலின்மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி வளைவு கொடுங்கள். மேல்தோல் வளைந்து போவதால் கீழ்த்தோலைவிட ஒரு மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். சமமாக வெட்டினால் மேற்புறம் தட்டையாகிவிடும். உள்ளே, இறக்கையின் முழு நீளத்துக்கும் அட்டையை இரண்டடுக்காக ஒட்டிய தண்டு ஒன்று வையுங்கள். அதை முந்தைய இரவே செய்து கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் நேராக உலரும். இறக்கை வளைந்தால் பெரும்பாலும் குற்றம் ஈரம் காயாத தண்டிலேதான்.

பின்விளிம்பை ஒட்டும்போது இறக்கையை மேசையில் சமமாக வைத்து, ஸ்கேலால் அழுத்தி, உலரும்வரை அசைக்காதீர்கள். இங்கே முறுக்கு விழுந்தால் பிறகு திருத்த முடியாது.

எஞ்சின்

ஒன்பது சிலிண்டர் ரைட் ஜே-5 எஞ்சினின் விட்டம் 1:50 அளவில் சுமார் 23 மி.மீ. நடுவில் 9 மி.மீ. விட்டமுள்ள உருளை, அதைச் சுற்றி 40 பாகைக்கு ஒன்றாக 7 மி.மீ. நீளச் சிலிண்டர்கள். பல்குத்தியின்மேல் 80 ஜி.எஸ்.எம். தாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டி, அதன்மேல் பசை தடவிக் கறுப்புத் தையல்நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். நூல் வரிகள் அச்சு அசலாகக் காற்றுக் குளிரூட்டும் செதில்கள் போலவே தெரியும். எல்லாவற்றையும் ஒரே நீளக் குழாயாகச் சுற்றி, உலர்ந்தபின் ஒன்பதாக நறுக்குவது எளிது. 40 பாகைக் கோடுகளை ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் உருளையை வைத்து ஒட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மூன்றடுக்குத் தாள். பசை முழுதும் காய்வதற்கு முன் இரு அலகுகளையும் எதிரெதிர்த் திசையில் மெல்லத் திருகிவிட்டால் அந்தத் திருகு நிலைத்துவிடும்.

சேர்ப்பு

வாலின் கிடைப்பலகை, நிமிர்பலகை, சக்கரக்கால்கள் இவற்றில் சொல்ல அதிகம் இல்லை. கால்களுக்குள் மெல்லிய கம்பி வைத்தால் எடை தாங்கும்; சக்கரத்துக்கு அட்டை வட்டங்களை அடுக்கி ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள்.

இறக்கையை உடலில் வைத்ததும் பசை இறுகுவதற்குள் மூன்று சோதனை. ஒவ்வோர் இறக்கை நுனியிலிருந்தும் வாலின் கடைசிப் புள்ளிக்கு நூல் பிடித்து அளங்கள். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து முன்னாலிருந்து பார்த்து, இறக்கையும் கிடைவாலும் இணையாகத் தெரிகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். நிஜ விமானத்தின் கேமராவுக்கு மூன்று பாகைதான் சலுகை என்று முன்னே சொன்னேன். மாதிரிக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்வது என் பழக்கம். எல்லாம் இறுகிய பின்பே இறக்கையின் சாய்வுத் தாங்கிகளை வெட்டுங்கள். கோட்டுப்படத்தை நம்பாமல், உங்கள் மாதிரியில் உள்ள இடைவெளியையே அளந்து வெட்டுங்கள்.

எங்கே வைப்பது

மேசையில் நிறுத்தினால் வயிற்றுத் துளையை யாரும் பார்க்க மாட்டார்கள். தரைக்காட்சி ஒன்றைக் கீழே அமைத்து அதன்மேல் பறக்கவிடலாம் என்று தோன்றும். ஆனால் 1520 மீட்டர் உயரம் 1:50 அளவில் 30 மீட்டருக்கும் மேல், எந்த அறையின் கூரையும் போதாது. அதனால் நான் கண்ட வழி இது: கறுப்பு அட்டை மேல் கைக்கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் மெல்லிய கம்பித் தாங்கியில் விமானத்தைப் பத்து செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியின் ஓரமாக, ஒரே நிலப்பகுதியை 60 சதவீதம் படியுமாறு நகர்த்தி வெட்டிய ஐந்து சிறு சதுரப் படங்களை வரிசையாக ஒட்டுங்கள். வருபவர்கள் முதலில் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். ஏன் ஒரே ஆறு மூன்று படத்தில் வருகிறது என்று கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே விரலைக் கண்ணாடியின் பக்கம் நகர்த்துங்கள். அதில் லென்ஸ் தெரியும்.